துப்பட்டா நுனியில் நான் விட்ட தைலம்

என் கலா அக்காவுக்கு,

உன் ஊமைக்கோட்டான் எழுதுகிறேன். "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று வைவாயே, இன்று உன்னிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. அடுகோடியில் நம் வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஃபிட்ஸ் வந்து நீ உருண்டு விழுந்த மாடிப்படியில் மட்டும் அம்மா நாலாவது படியை மிதிப்பதில்லை. தாண்டித்தான் ஏறுகிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். "மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு வந்திருக்குமா?" அம்மாவும் நம்பிவிட்டாள். உன் படத்துக்குப் பூ வைக்கும்போதுகூட, "ஏமாத்திட்டியேடி" என்று திட்டுகிறாள். நீ ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. எனக்குத் தெரியும். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே.

தண்ணீர் மட்டுமா கொடுத்தேன்?

வேலைக்கு வைட்ஃபீல்ட் வரை பஸ்ஸில் போய்வந்தால் புகையில் உனக்குத் தலைவலி பிளக்கும். அதனால் தினமும் காலையில் உன் துப்பட்டா நுனியில் நீலகிரித் தைலம் விடுவேன். நெற்றிப்பொட்டிலும் தேய்ப்பேன். "இன்னும் ரெண்டு சொட்டு விடுடி, கஞ்சப்பிசினாரி" என்பாய். ஃபிட்ஸ் வந்து நீ கிடந்தபோதெல்லாம் அம்மா உன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பாள். நான் அதே துப்பட்டாவை உன் மூக்கருகே பிடிப்பேன். சீக்கிரம் முழித்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா ஒருமுறை கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "மாத்திரை போட்டும் ஏன் வருது? வேற ஏதாவது யூஸ் பண்றீங்களா?" அம்மா, "வேற எதுவும் இல்ல மேடம்" என்றாள். தைலப் புட்டி என் பையில்தான் இருந்தது. சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவர் சிரித்துவிட்டால்? ஒன்பதாவதில் கன்னடப் பாடம் வாசிக்க எழுந்து நின்று, வகுப்பே சிரித்த நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அவரிடம் நான் தனியாகப் போனேன். நம்புவாயா? நீ தவறவிடவில்லை என்று அவர் வாயால் கேட்டு, அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான். அட்டையையும் சீட்டையும் ஒத்துப் பார்த்து, "கரெக்டாதான் சாப்பிட்டிருக்காங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது என்ன வாசனை?" என்றார்.

உன் துப்பட்டாவைப் போட்டிருந்தேன் அக்கா. உன் வாசனை போய்விடக் கூடாதென்று நானே அதில் அவ்வப்போது தைலம் விட்டுக்கொள்வேன்.

சொன்னேன். தினமும் தேய்த்ததை, மயக்கத்தில் மூக்கருகே பிடித்ததை, எல்லாவற்றையும். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஃபிட்ஸ் இருக்கிறவங்களுக்கு இது ஆகாதும்மா. நீலகிரித் தைலம், கற்பூரம் எல்லாம் சிலருக்கு மூளை நரம்பத் தூண்டிவிட்டுடும். முகர்ந்தாலும் உள்ள போகும், தேய்ச்சாலும் போகும்."

"அப்போ என்னாலதானா மேடம்?"

"அப்படி உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. நானும் தைலம்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கணும். தெரிஞ்சிருந்தா மொதல்ல அதத்தான் நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

நீ விழுந்த அன்று காலையில் இன்னும் ரெண்டு சொட்டு நீ கேட்டாயா, நானே விட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

துப்பட்டாவை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். இப்போது அதில் தைலமும் இல்லை, நீயும் இல்லை.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அக்காவின் துப்பட்டாவில் தைலம் விடுகிற தங்கைகள் இன்னும் எத்தனை பேரோ.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் உன்மேல் இருக்கும் கோபம் என்மேல் திரும்பும். திரும்பட்டும். இன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் உனக்குப் பூ வைப்பாள். "ஏமாத்திட்டியேடி" என்று ஆரம்பிப்பதற்குள், "அவ ஏமாத்தலம்மா" என்று சொல்லிவிடுவேன். மீதியையும் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

புட்டியைப் பையிலிருந்து எடுத்து, உன் படத்துக்குப் பக்கத்தில் அம்மா கண்ணில் படும்படி வைத்துவிட்டேன்.

உன் தங்கச்சி,
ஊமைக்கோட்டான்