அடிபட்ட இடத்தைத் தடவாதவளுக்கு

நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தில் நனைந்த மட்டையைத் துடைத்து எண்ணெய் பூசலாம் என்று இன்று காலை குசினி மேசையில் உட்கார்ந்தேன். நீ தந்த சிறிய போத்தலின் மூடியைத் திறந்ததும் ஆளிவிதை எண்ணெய் வீடு முழுக்க மணந்தது. என் கணவர் அறைக்குள்ளிருந்து கேட்டார்: "இஞ்சரும், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போறீரோ?" துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் தெரியாது. ஆகவே அந்த விஷயத்தில் நமக்குள் எதுவும் மாறிவிடவில்லை.

முதல் தடவை நான் மட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வந்த கதை தெரியும்தானே. புது மட்டைக்கு எண்ணெய் வேண்டும் என்று மட்டும் சொன்னாய், எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. என் வீட்டில் எண்ணெய் என்றால் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்தான். அதை இளஞ்சூடாக்கி, குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டு வந்தேன். ஒஸ்லோவின் குரோருட் மைதானத்து மே மாதக் குளிரில் எல்லாம் உறைந்து, மட்டை முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. நீ நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தாய்.

"இதிலை சமைக்கவும் செய்வியளோ?"

"ஓம்."

"அப்ப மட்டையைப் பொரிச்சுச் சாப்பிடு. விளையாட வேறை தாறன்."

அடுத்த கிழமை இந்தப் போத்தலோடு வந்தாய். நாம் கதைத்தது அரைகுறை நோர்வேஜிய மொழியில். உன் வாயில் அயர்லாந்தும் என் வாயில் யாழ்ப்பாணமும் சேர்ந்து அந்த மொழியைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆனால் நீ சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே ஞாபகத்தில் நிற்கிறது.

அதற்கு முந்திய கோடையில், ஆண்கள் ஆடுகிற எங்கள் தமிழ்க் கழகத்து ஆட்டத்தைப் பார்க்கத்தான் நீ முதலில் வந்தாய். உன் கணவருக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்துக் குடிவந்த புதிது. ஊர் முழுக்கக் கால்பந்தும் பனிச்சறுக்குமாக இருக்க, கிரிக்கெட் சத்தம் கேட்டு ரயிலை விட்டு இறங்கியதாகச் சொன்னாய். நாங்கள் பெண்கள் ஓரத்தில் பிளாஸ்கும் ரோல்ஸ் பெட்டியுமாக இருந்தோம். நீ ஆண்களைப் பார்க்கவில்லை. நேரே எங்களிடம் வந்து, "உங்களிலை ஆருக்கு விளையாட விருப்பம்?" என்று கேட்டாய். ஒருத்தி, "நாங்கள் சாப்பாடு கொண்டு வந்தனாங்கள்" என்றாள். "சாப்பிட்ட பிறகு?" என்று விடாமல் கேட்டாய். பிறகு கழகத்தோடு மல்லுக்கட்டிச் சனிக்கிழமைக் காலைகளை எங்களுக்கென்று வாங்கித் தந்தாய்.

நீ யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. டப்ளினுக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில், பெண்கள் அணி இல்லாததால் பையன்களோடு பந்துவீசி வளர்ந்தவள். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, நாட்டுக்காக ஆடியவள். ஆண்களுக்கு அளவெடுத்துத் தைத்த காற்சட்டையை இடுப்பில் மடித்துக் குத்திக்கொண்டு உலகத்தின் மறுபக்கம் வரை போய் வந்திருக்கிறாய். பெண்களுக்கும் சம்பளத்தோடு ஒப்பந்தம் என்று உன் நாட்டில் ஒருவழியாக வந்தபோது உனக்கு முப்பது கடந்திருந்தது. இரண்டே வருடம். தோள் விட்டுப்போனது, அவர்களும் உன்னை விட்டுவிட்டார்கள்.

எங்கள் கழகத் தலைவர் அண்ணை ஒருநாள் விசாரித்தாரே: "தொழிலா எத்தினை வருஷம் ஆடினனீங்கள்?" நீ இரண்டு என்றாய். அவர் "ரண்டு வருஷம்தானோ" என்று இழுத்தார். பாவம் என்று அவர் சொல்ல வாயெடுக்க முன்னமே நீ சொன்னாய்: "சம்பளம் தந்தது ரண்டு வருஷம். தொழிலா ஆடினது சின்ன வயசிலை இருந்து. அவையளுக்கு விளங்கத்தான் சுணங்கினது." அண்ணை அதற்குப் பிறகு உன்னோடு தோள் தாழ்த்தித்தான் கதைத்தார்.

முதல் பயிற்சியிலேயே பந்து என் தொடையில் பட்டது. மட்டையை எறிந்துவிட்டு "ஐயோ அம்மா" என்று இரண்டு கையாலும் தேய்த்தேன். நீ நடந்து வந்து என் முன்னால் நின்றாய்.

"தடவாதை."

"நோகுது."

"நோகுமெண்டு எனக்குத் தெரியும். பந்து போட்டவளுக்கு ஏன் சொல்லுறாய்? வீட்டை போய்த் தடவு."

உனக்கு விசர் என்றுதான் நினைத்தேன். விலா எலும்பு வெடித்ததே தெரியாமல் மாலை வரை ஆடிய கதையை நீ பெருமையாகச் சொன்னபோது அந்த எண்ணம் உறுதியானது. ஆனால் நான் பராமரிப்பு வேலை செய்கிற மருத்துவமனையில், ஒருநாள் ஒரு நோயாளியின் மகன் என் முகத்துக்கு நேரே, "மொழி ஒழுங்காகத் தெரிந்த யாரையாவது அனுப்புங்கள்" என்றான். முன்பென்றால் ஓய்வறைக்குப் போய் அழுதிருப்பேன். அன்று அசையவில்லை. "இன்றைக்கு நான்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவா?" என்று கேட்டேன். அவன்தான் கண்ணைத் தாழ்த்தினான். அன்று வீட்டுக்கு வந்து, நீ சொன்னபடியே, ஆறுதலாக இருந்து அழுதேன்.

இலையுதிர்காலத்தில் நீ அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்தாய், வேறு மாடி. வேலை முடிந்ததும் உன்னிடம் வருவேன். வலி எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று தாதி கேட்டபோது, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இரண்டு" என்றாய். அவள் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது மட்ச் இல்லை. நோகுதெண்டால் நோகுதெண்டு சொல்லு."

நீ யன்னலூடாக வானத்தைப் பார்த்தாய். "பந்து போட்டவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நான் எழுந்து போய்த் தாதியிடம் சொன்னேன், நீ சொன்னது பொய், எட்டுக்குக் குறையாது என்று. மருந்து தந்தார்கள். நீண்ட நேரம் தூங்கினாய். கண் விழித்ததும், "காட்டிக் குடுத்திட்டாய்" என்றாய். "ஓம், குடுத்தனான். இன்னும் குடுப்பன்" என்றேன். நீ சிரித்தாய். என் கையை விடவில்லை. பனி உருகக் காத்திராமல் போய்விட்டாய்.

நீ போன பிறகு கழகக் கூட்டம் நடந்தது. தலைவர் அண்ணை கெட்டவர் அல்ல, அது உனக்கும் தெரியும். கனிவாகத்தான் ஆரம்பித்தார். "தங்கச்சி, கோச்சும் இல்லை. பொம்பிளையளின்ரை டீமை எப்பிடி நடத்திறது? இந்த முறை சனிக்கிழமை காலமையை ரண்டாவது டீமுக்குக் குடுப்பம். பிறகு பாப்பம்." எங்கள் கழகத்தில் பிறகு பார்ப்போம் என்றால் அத்தோடு சரி. நான் எழும்பினேன்.

"அண்ணை, செத்தது அவ. நாங்கள் சாகேல்லை."

"சனிக்கிழமை பத்து மணிக்குப் பிட்ச் பாயை நாங்கள் விரிப்பம். நீங்கள் வேணுமெண்டால் ரோல்ஸ் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நேற்று விரித்தோம். கடைசி நிறுத்தமான வெஸ்ட்லியிலிருந்து வருகிறவர்கள் கூட முதல் ரயிலில் வந்துவிட்டார்கள். மைதானத்து மூலையில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. நனைந்த பாய் கனத்த கனத்தில் எல்லோருமாக இழுத்து ஆணி அடித்தோம். ஆண்களின் இரண்டாவது அணியும் வந்து நின்றது. பாய் விரித்தாகிவிட்டது, நாங்கள் போக மாட்டோம், அப்படியென்றால் எங்களோடு ஆடுங்கள் என்றேன். தலைவர் அண்ணை நடுவராக நின்றார்.

அவர்களுடைய வேகப்பந்துக்காரன் என்னைக் கண்டதும் மெதுவாகப் போட்டான். "அன்ரிக்குப் போடாதை, விக்கெட்டுக்குப் போடு" என்றேன். போட்டான். ஈரப் பாயில் எழும்பி வந்து இடப்பக்க விலாவில் இடித்தது. மூச்சு நின்றுவிட்டது. என் வலக்கை பிடியை விட்டுக் கிளம்பியது. பாதி வழியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அண்ணை ஓடி வந்தார். "தங்கச்சி, நோகுதோ? வெளியிலை போய் இருங்கோ."

"நீங்கள் உங்கடை இடத்திலை போய் நிண்டால்தான் அண்ணை அவன் அடுத்ததைப் போடலாம்."

தோற்றோம். நன்றாகவே தோற்றோம். பாயைச் சுருட்டும்போது மற்ற முனையை அண்ணை வந்து பிடித்தார். குனிந்தபடியே, "வாற சனியும் பத்து மணிக்கோ விரிக்கிறியள்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சற்று முன்பு கணவர் தைலத்தோடு வந்து, "கண்டிப் போயிருக்கு, தடவட்டோ?" என்றார். இது வீடு, தடவலாம் என்றேன். விலாவுக்குத் தடவியாயிற்று. மட்டைக்கும் உன் எண்ணெயைப் பூசி வைத்துவிட்டேன்.

ஆனால் நீ போனதால் நோகிற இடம் வேறு. அதை நான் வீட்டில் தடவுகிறேன், ரயிலில் தடவுகிறேன், நேற்று மைதானத்து நடுவில் நின்றும் தடவினேன். இந்த ஒன்றில் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. பந்து போட்டவர் பார்த்தால் பார்க்கட்டும்.