அக்கரைக் காட்டுக்கு ஆளில்லை என்று சொன்னது குறித்து

அனுப்புநர்:
கா. மலையரசன், வயது 33,
த/பெ காளன்,
ஈச்சங்குடி பளியர் குடியிருப்பு,
நெடுமலை மாவட்டம், தமிழ்நாடு.
(தற்போது: தொழிலாளர் முகாம், ருவைஸ், அபுதாபி, ஐக்கிய அரபு அமீரகம்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நெடுமலை மாவட்டம், தமிழ்நாடு.

பொருள்: கூவலாறு நீர்மின் திட்டம் – ஈச்சங்குடி மக்களுக்கான மரபுவழி வனப் பயன்பாட்டு ஆதரவுத் திட்டத்தை ரத்து செய்யக் கோரும் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், என் தங்கை கணவர் தவசி மீது போடப்பட்டுள்ள அத்துமீறல் வழக்கைத் திரும்பப் பெறச் செய்யவும், இறுதி விசாரணையை எங்கள் குடியிருப்பிலேயே நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் மேற்படி ஈச்சங்குடியில் பிறந்தவன். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக ருவைஸில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், உயரமான தொட்டிகளிலும் புகைபோக்கிகளிலும் கயிற்றில் தொங்கியபடி துரு சுரண்டிச் சாயம் பூசும் வேலை செய்து வருகிறேன். என்னுடன் எங்கள் குடியைச் சேர்ந்த நால்வர் இருக்கிறார்கள். ஐந்தாமவராக இருந்த தவசி இப்போது ஊரில் இருக்கிறார். அவர் ஏன் ஊரில் இருக்கிறார் என்பதைச் சொல்வதற்காகவே இம்மனு.

2. அணை கட்டுவதற்கு முன் கூவலாற்றை நாங்கள் பாறைகளில் கால் வைத்து நடந்தே கடப்போம். எங்கள் வீடுகள் இக்கரையில் இருந்தாலும் பிழைப்பு அக்கரையில்தான். தேன்பாறைகள் அங்கே. வள்ளிக்கிழங்கு தோண்டும் சரிவுகள் அங்கே. இறந்தவர்களைப் புதைத்த இடமும், நாங்கள் கும்பிடும் கல்லும் அங்கே. அணையில் நீர் தேக்கியபோது எங்கள் வீடுகளில் ஒன்றுகூட மூழ்கவில்லை. ஆகவே பாதிக்கப்பட்டோர் கணக்கில் நாங்கள் வரவில்லை. மூழ்கியது எங்கள் பாதை. பாதைக்கு இழப்பீடு தரும் விதி இல்லை என்று அப்போது சொன்னார்கள்.

3. நாங்கள் விடாமல் முறையிட்டதன் பேரில், கிராம சபையில் வைத்து ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்குத்தான் மேலே சொன்ன ஆதரவுத் திட்டம் என்று பெயர். அக்கரைக்குப் போய்வர நிறுவனம் மோட்டார் படகு தர வேண்டும். படகோட்டி எங்கள் குடியிலிருந்து இருக்க வேண்டும். மின் நிலையத்துக்கு நீரை இழுக்கும் சுரங்கவாய் திறக்கும் முன் அபாயச் சங்கு ஊத வேண்டும். தேன் மாதங்களில் நாங்கள் அக்கரைப் பாறைக்குகைகளில் தங்கலாம். இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்கள். தொடர்ந்து இரண்டு தேன் பருவங்களுக்கு அக்கரையை யாரும் பயன்படுத்தாவிட்டால் திட்டத்தை ரத்து செய்யலாம் என்பது அது. நான் அதை வாசித்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டேன். நிறுவனத்தின் சமூகத் தொடர்பு அலுவலர் திரு. ராஜீவ் சிரித்துக்கொண்டே, "சும்மா ஒரு ஷரத்து மலையரசன். நீங்க போகாமலா இருக்கப் போறீங்க?" என்றார். நாங்களும் சிரித்தோம்.

4. திரு. ராஜீவ் பற்றி நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லமாட்டேன். அவர் எங்கள் வீடுகளுக்கு வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். என் தங்கை இளவேனிலை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். எங்களுடன் அக்கரைக்கு வந்து, எந்தப் பாறையில் யார் இறங்குவார், எந்தச் சரிவில் பெண்கள் கிழங்கு தோண்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்களை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட அதிகாரி அதற்கு முன் யாரும் இல்லை. தேன் எடுக்கும்போது ஒருநாள் முழுவதும் வெயிலில் நின்று பார்த்தார்.

பாறையில் இறங்குகிறவரின் கயிற்றை மேலே நின்று காப்பவர், அவருடைய மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தங்கையின் தாலியை அண்ணன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை. தவசி இறங்க, நான் கயிறு பிடிப்பேன். அதையும் அவரிடம் சொன்னோம்.

5. இரண்டு பருவங்கள் படகு ஓடியது. அதன் பிறகு ஒருநாள் திரு. ராஜீவ் வளைகுடாவில் வேலை இருப்பதாகச் சொன்னார். நிறுவனத்தில் முதல் போட்டவர்களுக்கு வேண்டிய ஒப்பந்தக்காரர் ருவைஸில் இருப்பதாகவும், கயிற்றில் தொங்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல மதிப்பு என்றும் சொன்னார். எங்கள் குடியில் பாறையில் இறங்கவும் கயிறு காக்கவும் தெரிந்தவர்கள் நாங்கள் அறுவர்தாம். அறுவரையும் கூப்பிட்டார். தவசிக்கு மட்டும் தயக்கம். "தேன் மாசத்துல யாரு சார் எறங்குவா?" என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் அறுவருக்கும் இன்றுவரை மனப்பாடம்: "தேன் மாசம் உங்களுக்கு லீவ். டிக்கெட்டும் கம்பெனி போடும். அதுக்கு நான் பொறுப்பு. என்னை நம்பலைன்னா யாரை நம்புவீங்க தவசி?"

நம்பினோம்.

6. ருவைஸில் வேலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இடுப்புக்கு வார் உண்டு, தலைக்குக் கவசம் உண்டு, இரண்டு கயிறுகள் உண்டு. வெயில் கடுமை, ஆனால் அது எல்லாருக்கும் உள்ளது. முதல் சித்திரை வந்தபோது லீவ் கேட்டோம். மேற்பார்வையாளர், "ஷட்டவுன் டைம் பாய், லீவ் மாஃபி" என்று, ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலத்தில் லீவே கிடையாது என முடித்துவிட்டார். திரு. ராஜீவுக்குப் போன் செய்தோம். "இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்குங்க. அடுத்த வருஷம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். பொறுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு எங்கள் பாறைகளில் தேன் அப்படியே வடிந்தது என்று தங்கை சொன்னாள்.

7. அந்தக் குளிர்காலத்தில் திரு. ராஜீவ் ஒரு படப்பிடிப்பாளருடன் ருவைஸ் வந்தார். எங்களுக்காக வந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டோம். முகாமுக்கு அருகில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை மீரா சாகிப் பாயின் வீட்டிலிருந்து பிரியாணி வரவழைத்து அவருக்கு விருந்து வைத்தோம். சாப்பிட்ட பிறகு கேமராவின் முன் தவசியை நிறுத்தி, இங்கே வேலை பிடித்திருக்கிறதா, மறுபடியும் பாறையில் தொங்க ஆசையா என்று கேட்டார். தவசி சொன்னது முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்டவன் நான்:

"இங்க பெல்ட்டு இருக்கு, ஹெல்மெட்டு இருக்கு, பயமில்ல சார். ஊருல தேன் எடுக்கிறது உசுரப் பணயம் வச்சுத்தான். ஆனா தேன் மாசம் நாங்க போயே ஆகணும். போகலன்னா அந்தக் காடு எங்கள மறந்துரும். நீங்க சொன்ன லீவ வாங்கிக் குடுங்க சார்."

திரு. ராஜீவ் அவர் தோளில் தட்டிக்கொடுத்து, "கண்டிப்பா" என்றார்.

8. இந்த ஆண்டு சித்திரையிலும் லீவ் மறுக்கப்பட்டது. இம்முறை திரு. ராஜீவ் போனை எடுக்கவே இல்லை. தவசி வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, "கயிறு பிடிக்க நீ இல்லாம நான் பாறையில எறங்கமாட்டேன் மச்சான். ஆனா ஒரு தடவ போய் நின்னுட்டாவது வர்றேன்" என்றார். நான் அவருடன் போகாமல் இருந்ததற்குக் காரணம், ஒப்பந்தக் காலம் முடியாமல் எங்களில் ஒருவரை மட்டுமே விடுவிக்க முடியும் என்று அலுவலகத்தில் சொன்னதுதான்.

9. அவர் ஊர் சேர்ந்தபோது துறையில் படகு இல்லை. அணைக்கு மேல் நிறுவனம் புதிதாகக் கட்டியுள்ள விருந்தினர் விடுதிக்காக, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குடியைச் சேர்ந்த படகோட்டியை, ஆள் வருவதில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டிருந்தார்கள். அலுவலகத்தில் கேட்டதற்கு, திட்டம் மறுஆய்வில் இருப்பதால் படகு தர இயலாது என்றார்கள். தவசியும் இளவேனிலும் மூங்கில் தெப்பம் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். கல்லுக்குப் பூ வைத்துவிட்டு, கிழங்கு தோண்டிக்கொண்டு திரும்பும்போது சுரங்கவாய் திறக்கப்பட்டது. சங்கு ஊதவில்லை. தெப்பம் நீரோட்டத்தில் இழுபட்டுப் போய், சுரங்கவாயின் முன்னுள்ள இரும்புக் கம்பித் தடுப்பில் மோதியது. தவசி தங்கையைத் தடுப்பின் மேல் ஏற்றிவிட்டார். அவருடைய வலது கை தெப்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது. மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனி அவரால் கயிற்றைப் பற்ற முடியாது. இங்கேயும் முடியாது, ஊரிலும் முடியாது.

அவர் கட்டுப் பிரிக்கும் முன்பே, தடைசெய்யப்பட்ட நீர்ப்பகுதியில் அத்துமீறி நுழைந்ததாக அவர் மீது நிறுவனம் வழக்குக் கொடுத்துள்ளது.

10. ஆவணி மாதம் நடந்த மறுஆய்வுக் கூட்டத்தில் நிறுவனம் ஒரு படத்தைப் போட்டுக் காட்டியது. நான் இங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது இளவேனில் போன் செய்தாள். "அண்ணே, படத்துல அவரு பேசுறாரு. 'உசுரப் பணயம் வச்சுத்தான்'னு சொன்னதோட நின்னு போச்சு. அதுக்கு மேல அவரு பேசினது இல்லயா?" என்று கேட்டாள். தவசி அதே கூட்டத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாராம். எழுந்து பேசப் போனபோது, வழக்கு இருப்பதால் பேசக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்களாம். பிறகு திரு. ராஜீவ் எழுந்து, ஈச்சங்குடியின் தேனெடுப்பவர்கள் அறுவரும் நல்ல வாழ்க்கை தேடி வெளிநாடு சென்றுவிட்டதாகவும், இரண்டு பருவங்களாக அக்கரைக் காட்டுக்கு ஆளில்லை என்றும், ஆகவே திட்டத்தை ரத்து செய்து அந்தக் கரையை விடுதியுடன் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் அன்று சாப்பிடவில்லை. என்னுடன் இருந்த நால்வரும் சாப்பிடவில்லை.

11. ஆட்சியர் அவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். எங்களை அனுப்பிவைத்தவர் திரு. ராஜீவ். எங்கள் லீவுக்குப் பொறுப்பேற்றவர் அவர். அது மறுக்கப்பட்டபோது பொறுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர். நாங்கள் வரவில்லை என்று எண்ணிக் காட்டியவரும் அவரே. வேலை கேட்டு அவர் பின்னால் நடந்த இளைஞர்கள் எங்கள் குடியில் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவர் சேர்க்கவில்லை. பாறையில் இறங்கத் தெரிந்தவர்கள் மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. அது ஏன் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் கைத்திறனை மதிக்கிறார் என்று பெருமைப்பட்டோம்.

போகாதபோது ஆளில்லை என்கிறார்கள். போனபோது அத்துமீறல் என்கிறார்கள். நாங்கள் எப்படிப் போயிருந்தால் அது பயன்பாடு என்று எழுதியிருப்பார்கள் என்பதை ஆட்சியர் அவர்கள்தாம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

12. இன்னொன்றும் உண்டு. இந்த இரண்டு பருவங்களிலும் எங்கள் பெண்கள் அக்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். முதல் ஆண்டு படகிலும், இந்த ஆண்டு தெப்பத்திலும். கிழங்கு, கீரை, மருந்துக்கொடி எல்லாம் அங்கிருந்தே வந்தன. படகு நிறுத்தப்படும்வரை அவர்களை ஏற்றிச் சென்றவர் நிறுவனத்திடம் சம்பளம் வாங்கிய படகோட்டி. தேன் எடுத்தால்தான் பயன்பாடு, கிழங்கு தோண்டினால் இல்லை என்று கிராம சபையில் யாரும் சொல்லவில்லை. என் தங்கை கூட்டத்தில் இதைச் சொன்னாள். "அதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம் தங்கச்சி" என்று திரு. ராஜீவ் சொன்னாராம். அந்தச் சொல்லால் அவர் இனி என் தங்கையைக் கூப்பிட வேண்டாம்.

13. முதலில் நாங்கள் திரு. ராஜீவுக்குப் போன் செய்து திட்டவே நினைத்தோம். மீரா சாகிப் பாய்தான் தடுத்தார். "தம்பி, ஆத்திரத்தப் போனுல கொட்டாதீய. கலெக்டருக்கு எழுதுங்க, நான் டைப் பண்ணித் தாரேன்" என்றார். அவர் கடைக் கணினியில் உட்கார்ந்து இம்மனு எழுதப்படுகிறது. எங்கள் மீது அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. இருந்தும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நம்பத் தகுந்தவர் யார் என்று இப்போது எங்களுக்குக் கொஞ்சம் தெரிகிறது.

14. ஆகவே, ஆட்சியர் அவர்களிடம் நாங்கள் வேண்டுவது: நிறுவனம் எடுத்த படத்தின் முழுப் பதிவையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும். தவசி மீதான வழக்கைத் திரும்பப் பெறச் செய்து, அவர் காயத்துக்குச் சங்கு ஊதாதவர்களைப் பொறுப்பாக்க வேண்டும். படகையும் படகோட்டியையும் உடனே துறைக்குத் திருப்ப வேண்டும். எங்கள் வேலை ஒப்பந்தத்தால் தவறிப்போன இரண்டு பருவங்களை எங்கள் கணக்கில் எழுதக் கூடாது. பெண்களின் போக்குவரத்தைப் பயன்பாடாக ஏற்க வேண்டும். மேலும், ஐப்பசியில் நடக்கவிருக்கும் இறுதி விசாரணையை நகரத்து மண்டபத்தில் வைக்காமல், ஈச்சங்குடித் துறையில், அக்கரை தெரியும் இடத்தில் நடத்த வேண்டும்.

15. எங்களுக்கு விசா தந்த முதலாளியான கஃபீலின் அலுவலகத்தில் நாங்கள் ஐவரும் ராஜினாமா கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் முடிவதால் இம்முறை தடுக்க வழியில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். விசாரணைக்கு முன் ஊரில் இருப்போம். திரும்பி வர உத்தேசம் இல்லை. அடுத்த தேன் பருவத்தில் அக்கரைக்குப் போவோம். அதை இப்போதே தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். ஒளிந்து போகிறவர்கள் முன்கூட்டி எழுதிக்கொடுக்கமாட்டார்கள்.

விசாரணை நாளில் தாங்கள் வேறு எதைக் கேட்பதற்கு முன்பும், கீழே உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டுகிறேன். ஆளில்லை என்று சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்கட்டும். தாங்கள் கூப்பிடும் ஒவ்வொரு பெயருக்கும், "இருக்கேன் ஐயா" என்று ஒருவர் எழுந்து நிற்பார்.

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) கா. மலையரசன்
(ஒப்பம்) வெ. குருநாதன்
(ஒப்பம்) மா. பூசாரி
(ஒப்பம்) சி. வீரணன்
(கைரேகை) கொ. சடையன்

ஊரிலிருந்து சம்மதம் தெரிவித்து:
தவசி (இடது கைப் பெருவிரல் ரேகை பின்னர் இணைக்கப்படும்)
த. இளவேனில்

இடம்: ருவைஸ்
நாள்: 14.09.2025