கோழிகள் இறகு கொட்டும் மாதம்

இன்று காலை வாசல் கூட்டும்போது ஒரு பிடி இறகு சேர்ந்தது. கீரி கோழியைப் பிடித்துவிட்டதென்று நினைத்தேன். ஓடிப்போய் எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. செவலைப் பேடு கழுத்து மொட்டையாகி, கொண்டை வெளிறி, சாம்பல் மேட்டில் குந்தியிருந்தது. மாரி மழை பிடிக்கப் போகிறது. உன்னைத் தவிர வேறு யார் நினைவு வரும்?

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருடம். உனக்குப் பாண்டிருப்பில் வீடு போனது, எனக்கு மருதமுனையில் சாறன் துணிக்கடை போனது. பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த நாம் இருவரும் மறுபடி சேர்ந்தது முட்டையால்தான். தகரக் கொட்டிலின் பின்னால் நீ ஒன்பது கோழி வளர்த்தாய், முட்டைகளை நான் வீடு வீடாக விற்றேன். ஊர்க்கோழி முட்டைக்கு அந்த வருடம் அடிபிடி. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் மறுபடி தொட்டில் கட்டினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நல்லெண்ணெயோடு ஊர்க்கோழி முட்டை கொடுப்பது உன் ஊரிலும் என் ஊரிலும் ஒரே வழக்கம்.

சாய்ந்தமருதில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளையும் ஒரே காலையில் இழந்தவள், பெண்பிள்ளை பெற்றிருந்தாள். அவளுடைய உம்மாவிடம், "நாப்பது நாளும் நான் தாறன் மாமி, நீங்க யோசிக்காதீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் உன் கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன.

நீ முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். கோழிகள் வேலி தாண்டி மேயப் போவதில்லை, மாலை அசர் பாங்குக்கு முன்பே கூட்டுக்கு வருகின்றன, மண் ஈரமென்று அடுப்புச் சாம்பலில் புரள்கின்றன. "பழைய இறகைக் கொட்டிப் புதுசு போடுதுகள். தின்னுறதெல்லாம் இறகுக்குத்தான் போகும். தை வரைக்கும் முட்டை கேக்காத." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விற்கத் தெரிந்தவளுக்கு, விற்கும் சாமான் எப்படி வருகிறதென்று தெரியாது.

கல்முனைச் சந்தையில் பண்ணை முட்டைகளில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கினேன். தேயிலைச் சாயம் காய்ச்சி ஊறவைத்தேன். வெள்ளை முட்டை ஊர்க்கோழி முட்டையின் நிறத்துக்கு வந்தது. கூடையோடு புறப்படும் நேரத்தில் நீ வந்து நின்றாய்.

"எங்கால முட்டை?"

"வேற ஆளிட்ட எடுத்தன்."

ஒன்றை எடுத்தாய். பெருவிரலை நாக்கில் நனைத்து உரசினாய். விரலில் சாயம்.

"எடியே, கோழி இறகைக் கொட்டுது. நீ வெக்கத்தைக் கொட்டிட்டு நிக்கிறாய்."

"யாவாரத்துல இதெல்லாம் இருக்கு புள்ள. திண்டா செத்தா போவாள்?"

"அவள் சாக மாட்டாள். அவள்ற உம்மா தேச்சுப் பாத்தா நீதான் செத்தாய்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப வெறுங்கையோட போய் நிக்கட்டா?"

"ஓம். வா, நானும் வாறன்."

கூடையைக் காலியாக்கி ஒரே ஒரு முட்டை வைத்தாய். சித்திரையில் குஞ்சாக வந்த உன் கறுத்தப் பேடு அன்று காலை இட்ட முதல் முட்டை, எலுமிச்சங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. சோதனைச் சாவடியில் கூடையைத் திறந்த சிப்பாய், அந்த ஒற்றை முட்டையைப் பார்த்தான், மழையில் நனைந்து நின்ற நம் இருவரையும் பார்த்தான், மூடித் திருப்பித் தந்தான்.

அந்த வீட்டு வாசலில் நீ ஓர் எட்டுப் பின்னால் நின்றாய். என்னைத்தான் சொல்லவைத்தாய். "மாமி, கோழியெல்லாம் இறகு கொட்டுது. நாப்பது நாளும் தாறனெண்டது என்ட பிழை. இண்டைக்கு இது ஒண்டுதான்."

மாமி முட்டையை வாங்கினார். விரலை நனைத்தார். தேய்த்தார். நிறம் போகவில்லை.

"ஒண்டெண்டாலும் நல்லதாக் கொண்டந்தீங்க. கிடைக்கிற நாளையில கொண்டாங்க மகள்."

திரும்பி வரும்போதுதான் சொன்னாய்: "அந்த வருசத்துக் குஞ்சு முதல் மாரிக்கு இறகு கொட்டாது. சித்திரையில பொரிக்க வை, மாரியில முட்டை எடு. சாயம் காய்ச்சுற மூளையை அதுல போடு." சாய முட்டைகளை அவித்து ஒரு கிழமை நாமே தின்று தீர்த்தோம்.

மூளையை அதிலேயே போட்டேன். இன்று இரண்டு ஊரிலும் பல வீடுகளில் சித்திரைக்கு அடை வைக்கிறார்கள், மாரியிலும் என் கூடை வெறுமையில்லை. சண்டை முடிந்ததைப் பார்க்கத்தான் நீ இருக்கவில்லை, போன மாரியில் காய்ச்சலோடு போய்விட்டாய். இப்போது வீதியில் யாரும் என் கூடையைத் திறப்பதில்லை. அதனால் வீட்டைவிட்டு இறங்கும் முன் நானே ஒரு தரம் திறந்து பார்க்கிறேன்.

நேற்று அந்தச் சாய்ந்தமருது மாமி வந்திருந்தார். மகளுக்குத் தையில் அடுத்த பிள்ளையாம். "இந்தத் தரமும் கோழியெல்லாம் இறகு கொட்டுதெண்டு சொல்லுவீங்களோ?" என்று நக்கலடித்தார். முட்டையிடத் தயாராகி இளம் பேடுகளின் கொண்டை சிவந்து வருவதைக் காட்டினேன்.

"தாறன் மாமி. முதல் முட்டை சிறிசாத்தான் இருக்கும். தேச்சுப் பாத்து எடுங்க."