மீட்டரும் ஷேவிங் கண்ணாடியும்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் வேலைக்கென்று ஊர் மாறிப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நானாக எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்திருக்கலாம். நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் முழுப் பதிலையும் சொல்லிவிடுவீர்கள், பிறகு சண்டை வரும். கடிதமென்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்!

பட்டறை போட்டுவிட்டேன். தையல் கடைக்குப் பின்னால் ஒரு நீள அறை. மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டும் பழைய சிஎன்சி மில்லிங் மிஷின் வாங்கி இறக்கியிருக்கிறேன். நாம் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஓடியதே, அதே மாடல். லாரிக்காரர் கதவின் அகலத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, யானையைக் கொண்டுவந்து அறைக்குள்ள கட்டப் போறீங்களா?" என்றார்.

யானை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பவரைப் போட்டால் திரை ஒளிர்கிறது, மேசை நகர்கிறது. வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகமெடுத்த நாலாவது நொடியில் 'வோல்ட்டேஜ் குறைவு' என்று காட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது. அளந்து பார்த்தேன். கரண்ட் வரும் மூன்று பேஸ் வயரிலும் நானூற்றுப் பதினைந்து வோல்ட், ஒரு குறையும் இல்லை. மாதக் கடைசிக்குள் பம்புக் கம்பெனிக்கு நாற்பது மூடி கடைந்து கொடுக்க வேண்டும். முதல் ஆர்டர். தவறினால் பட்டறைக்கு மங்களம் பாடிவிடலாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி

ஜூன் 7

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

மூன்று முறை படித்தேன், கடைசி வரி வரை.

மெயின் சுவிட்சில் வயரை மாட்டியது யார்? நீயாகத்தான் இருக்கும். கோளாறு அங்கேதான். நீ திருகை முடுக்கினால் பாதியில் நிறுத்திவிடுவாய், எனக்குத் தெரியாதா? எதையும் தொடாதே. நான் லீவு போட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் மெக்கானிக்

ஜூன் 11

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

இதற்குத்தான் நான் உங்களோடு அந்த ஊருக்கு வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினொரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். நான் ஸ்பேனரை எடுத்தால் போதும், "குடு இங்க, நான் பாத்துக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவீர்கள். கோபமாகப் பிடுங்கியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அன்பாக வாங்கினீர்கள். அதற்கு என்ன செய்வது?

மெயின் சுவிட்சின் திருகுகளை உள்ளங்கை சிவக்கும் வரை முடுக்கினேன். கோளாறு அங்கே இல்லை. வேறு இடம் தெரிந்தால் எழுதுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி

ஜூன் 15

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

முந்தின கடிதத்தை எழுதிய ஆளை நானும் நன்றாகத் திட்டிவிட்டேன். இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது.

இடத்தை நான் சொல்லப்போவதில்லை, மீட்டரே சொல்லட்டும். மிஷின் சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லா வயரும் நல்ல வயர்தான். ஸ்பிண்டில் வேகமெடுக்கும் அந்த நாலு நொடியில் அளக்க வேண்டும். பவரை நிறுத்திவிட்டு, மிஷினின் பின்பக்கக் கரண்டுப் பெட்டியில் மீட்டரைக் கிளிப் போட்டு மாட்டு. கையால் பிடிக்காதே, உன் காலில் விழுகிறேன். பிறகு பவரைப் போட்டு ஓட்டிப் பார். இப்படி மூன்று வயரையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஜோடியையும் அளந்தால் எந்த வயர் வழியாக வோல்ட்டேஜ் விழுகிறதென்று தெரியும். பவரை நிறுத்திவிட்டு அந்த வயரோடு, அது வந்த வழியே பின்னால் போய்ப் பார்.

ஒரே சிக்கல். பட்டன் மிஷினுக்கு முன்னால், மீட்டர் பின்னால். இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் யார் என்று கேட்கிற உரிமை எனக்கில்லை. யாரும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்கிறது. மீட்டரை மட்டும் படித்துச் சொல்வேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பொய். இருக்கிறது.

உன் மெக்கானிக்

ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். பயப்படாதீர்கள். நீங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன ஷேவிங் கண்ணாடிதான். மீட்டருக்கு எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்தேன். முன்னால் பட்டனை அழுத்திக்கொண்டே எட்டிப் பார்த்தால் எண் தெரிகிறது. டிஜிட்டல் எண்ணென்பதால் கண்ணாடியில் இரண்டு ஐந்தாகவும் ஐந்து இரண்டாகவும் தெரிவது வேறு கதை. முதல் தடவை ஏமாந்துபோய், தனியாக நின்று சிரித்தேன்.

ஒரு ஜோடி அசையவில்லை. மற்ற இரண்டும் முந்நூற்று நாற்பதுக்கு விழுந்தன. இரண்டுக்கும் பொதுவானது நடு வயர். பவரை நிறுத்திவிட்டு அதோடு பின்னால் போனேன். எங்கே போய் நின்றேன் தெரியுமா? மெயின் சுவிட்சில். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் வயரின் மேல்தோலைச் சரியாகச் சீவாமல், தோலோடு சேர்த்து முடுக்கியிருக்கிறேன். செம்பு ஓரமாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது, கருகிப்போய். தப்பு என்னுடையதுதான். நானே செய்தேன், நானே கண்டுபிடித்தேன், நானே வெட்டி மாட்டினேன்.

யானை ஓடுகிறது. முப்பத்தொரு மூடி முடிந்துவிட்டது. தையல்காரம்மா வந்து, "என்னங்க, சுவரெல்லாம் கிடுகிடுங்குது!" என்று சத்தம் போட்டுவிட்டு, நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலிலேயே உங்களுக்குத் தெரியும். இரண்டாவதில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

மிஷினுக்காக நீங்கள் இனி வர வேண்டியதில்லை. வருவதானால் எதற்காக என்று யோசித்துக்கொண்டு வாருங்கள். கண்ணாடியைத் துடைத்து வாஷ்பேசினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். உங்கள் உயரத்துக்கு.

உங்கள்
முதலாளியம்மா

ஜூன் 24

அன்புள்ள என் முதலாளியம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டூல் பையை இங்கே பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். "ஏங்க, ஸ்பேனர் இல்லாம நீங்க வெளிய கிளம்பி நான் பாத்ததே இல்லையே?" என்றார்.

ஷேவ் செய்து நாலு நாள் ஆகிறது. அங்கே வந்து செய்துகொள்கிறேன்.

உன்
நான்