கற்பூரத்தில் வைத்த கை

இன்று உனக்குப் பதினாறாம் நாள். உன் மகள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, தட்டில் கற்பூரம் ஏற்றி ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் வழக்கம்போல யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கியிருக்க வேண்டும். கல்யாண வீடானாலும் கோயிலானாலும் இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறேன். இன்று ஒதுங்கவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்ல முடியும். அதனால் பேத்தியின் நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் படிப்பை நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. நீ அந்த ஐந்தாம் வகுப்பும் படிக்காதவள்.

அறுபதுகளின் நடுவில் நம் செஞ்சியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததே, அப்போது நீயும் நானும் பெரிய வீட்டுக் களத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். விதைக் கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும், பருப்பில் கீறல் விழக்கூடாது. சாயங்காலம் பார்த்தால் கட்டைவிரல் வீங்கியிருக்கும். அந்த விரலோடு ராஜகிரி அடிவாரத்துக் குளத்துக்குப் போய்க் குடம் சுமந்து வருவோம். நம் தெருவுக்குக் கிணறு கிடையாது. பஞ்சாயத்து வெட்டிய கிணறெல்லாம் பெரிய தெருவில்தான் இருந்தது. மெம்பர்கள் எல்லாரும் அந்தத் தெருக்காரர்கள், அவர்கள் தாகம்தான் அவர்களுக்குத் தெரியும். நம் வார்டுக்கும் அவர்களே ஓர் ஆளை நிறுத்துவார்கள், நாம் போய்க் குத்திவிட்டு வருவோம். அந்தத் தடவை பெரிய வீட்டு மருமகன் நின்றார்.

நீ ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னாய்: "நானும் எலெக்சன்ல நிக்கறேன்டி."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சா உனக்கு?" என்றேன்.

"கிணறு இன்னா, நிக்காமலே வந்துடுமா?"

விளையாட்டு என்று நினைத்தேன். மறுவாரமே மனுப் போட்டுவிட்டு வந்து நின்றாய். மருமகனுக்கு விளக்குச் சின்னம், உனக்குக் கூடை. பெரிய தெருவில் ஒரே சிரிப்பு. "கூடை தூக்கறவளுக்குக் கூடையே குடுத்துட்டான் பாரு. நாற்காலியில உக்காரத் தெரியுமா அவளுக்கு?" என்று பஜாரில் என் காதுபடவே பேசினார்கள். நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உன் பின்னால் வீடு வீடாக வந்தார்கள் பார், அதற்கப்புறம்தான் அவர்கள் சிரிப்பு நின்றது.

ஓட்டுக்கு முந்தின நாள் காலையில் மேஸ்திரி வந்து, களத்து வேலைக்காரர்கள் எல்லாரையும் பெரிய வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டுப் போனான். உன்னை மட்டும் கூப்பிடவில்லை. வாசலில் தாம்பாளம், அதில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரிதான் பேசினான். "விளக்குக்குத்தான் போடுவேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. புள்ளகுட்டி இருக்கறவங்க புள்ள மேல பண்ணுங்க."

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் வீட்டில் யாராவது எதற்காவது கற்பூரத்தில் கை வைத்திருப்பார்களா? அவர்கள் சொன்னால் சொன்னதுதான். நாம் சொன்னால் அதற்கு நெருப்பு வேண்டும். ஆனால் அன்றைக்கு எங்கே வந்தது ஆத்திரம்? பயம்தான் வந்தது. என் மகன் அப்போது கைக்குழந்தை, இடுப்பில் இருந்தான். என் முறை வந்தது. உள்ளங்கையை வைத்து அணைத்தேன். "விளக்குக்குப் போடலன்னா இவன் எனக்கில்ல" என்று மேஸ்திரி சொல்லச் சொன்னான். சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் குளத்துக்கு ஓடிவந்தேன். நீ குடம் விளக்கிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கையடிச்சுக் குடுத்துட்டேன்டி. புள்ள மேல. உனக்கு என்னால போட முடியாது."

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நீ என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். "சுட்டுச்சா?" என்று கேட்டாய். அப்புறம், "எத்தினி பேரு அடிச்சீங்க?" என்றாய். எல்லாரும்தான் என்றேன். குடத்தை அப்படியே கரையில் வைத்துவிட்டாய். வீட்டுக்கு வீடு உன் கூடை வந்திருக்கிறது, ஆனால் ஓர் ஓட்டும் வராது என்று உனக்குப் புரிந்துவிட்டது. கிணறு போச்சு என்று எனக்கும் புரிந்தது.

பொழுது சாய்வதற்குள் தெருவைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாய். இன்னா பண்ணப் போறா என்று கிசுகிசுத்துக்கொண்டே எல்லாரும் வந்தோம். படிக்கல்லின் மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாய். அம்மனிடம் பேசுகிறவளாகவே தெரியவில்லை. களத்தில் என்னோடு பேசுவாயே, அதே குரல்.

"ஆத்தா, கேட்டுக்கோ. இவங்கல்லாம் அங்க போய் சத்தியம் பண்ணிட்டு வந்துக்கீறாங்க. பயந்துக்கினு பண்ணாங்க. நாளைக்கி யாரு அத மீறுனாலும், அந்தப் பாவம் என் தலையில. புள்ளைங்கள ஒண்ணும் பண்ணாத. பண்றதுன்னா என்னப் பண்ணு."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் அழுத்தி அணைத்தாய். நான் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கைமேல் என் கையையும் வைத்திருக்க வேண்டும். தோன்றியது. கை எழும்பவில்லை.

மறுநாள் பெரிய வீட்டுப் பொங்கலைத் தின்றுவிட்டு, பெரிய வீட்டு மாட்டுவண்டியில் ஏறிப் போய், கூடைக்குக் குத்தினோம். முத்திரையைக் கோடு தாண்டாமல்தான் குத்தினேன். நீ ஜெயித்தாய். பெரிய வீட்டுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. கற்பூரம் அடித்தவர்கள் மாற மாட்டார்கள் என்று நம்பி, பஜார்க்காரர்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்று வருஷக்கணக்காக அவர்களோடு முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது மெம்பர்களுக்கு நாற்காலியும் உனக்கு மட்டும் ஒரு பாயும் போட்டிருந்தார்கள். நீ பாயில் உட்காரவில்லை. "இன்னொரு நாற்காலி வர்ற வரைக்கும் நின்னுக்கினே இருக்கேன், எனக்கு நின்னு பழக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றாயாம். ஒருத்தி நிற்கும்போது எப்படிப் பேசுவது என்று தெரியாமல், கடைசியில் எழுத்தரே எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாராம். அடுத்த கோடைக்குள் நம் தெருவில் கிணறு வெட்டினார்கள். முதல் குடம் தண்ணீரை நீ என் தலையில் கொட்டினாய்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், நான் மட்டும் இல்லை. உன் தலையில் ஏறிய பாவத்தில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைத் தேள் கொட்டினபோது, கற்பூரம் வேலையைக் காட்டுகிறது என்று ஓடிவந்தேன். நீ கோட்டைப் படியில் வழுக்கிக் கால் முறிந்தபோது ஓடிவந்தேன். வெறும் சளி என்றால்கூட வந்துவிடுவேன். வாசலில் என் தலையைப் பார்த்ததும் நீ கத்துவாய்: "இன்னாடி, இன்னும் உசுரோடதான் இருக்கேனான்னு பாக்க வந்தியா? இருக்கேன், போ!" நான் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போவேன். மெம்பர் பதவி போய் எத்தனையோ தேர்தல் வந்து போயும் நான் வருவதை நிறுத்தவில்லை.

நீ போன அன்றைக்கு உன் மகள் போன் பண்ணினாள். மத்தியானம் மீன் குழம்பு ஊற்றி ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, செத்த நேரம் படுக்கிறேன் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். ஆனால், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். எண்பது தாண்டி, பேரப்பிள்ளைகள் பார்த்து, வயிறாரத் தின்றுவிட்டுத் தூக்கத்தில் போயிருக்கிறாய். ஆத்தா உன்னை ஒன்றும் செய்யவில்லை. என் மகனையும் ஒன்றும் செய்யவில்லை, அவனே இப்போது தாத்தா. பயந்தவர்கள் பண்ணிய சத்தியத்தை அவள் அன்றைக்கே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அது தெரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இன்று தட்டு என் முன்னால் வந்தது. மற்றவர்கள் போலக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். உன் மகள் பதறி, "இன்னா சித்தி இது, கையச் சுட்டுக்கினு!" என்றாள். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், உன் தலையில் ஏதாவது மிச்சம் இருந்தால் அது என் தலைக்கு வரட்டும் என்று. அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் எழும்பாத கை, இன்றைக்குத்தான் எழும்பியது.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து கையை நனைத்தேன். ரசம் சோறு தின்றேன். கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான். இன்னும் உசுரோடதான் இருக்கேன்டி, வந்து பாத்துக்கோ.