அடுப்பிலேயே விட்ட கறிக்குழம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இப்போது நலம். அது என்ன ‘இப்போது’ என்று நெற்றியைச் சுருக்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மா காலில் மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து சமையல் என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதிகாரம் செய்வாள், நான் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கிலோ கறி வாங்கி, பெரிய பானை நிறையக் குழம்பு வைத்தேன். சூடான பானையை உள்ளே வைத்தால் குளிர்பெட்டி கெட்டுவிடும் என்று நினைத்து அடுப்பிலேயே மூடி வைத்தேன், பிறகு மறந்தும்போனேன். மறுநாள் மதியம் திறந்து பார்த்தால் வாசனையில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் தொழிற்சாலைக் கொதிகலன் முன்னால் நின்றவனாயிற்றே, தளதளவென்று ஒரு கொதி விட்டால் எந்தக் கிருமி பிழைக்கும் என்று கொதிக்க வைத்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி அம்மா தட்டில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அம்மா தூங்குகிறாள் என்றேன் அல்லவா, அது பொய். அவளுக்கு மருத்துவமனையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது, நான் வராந்தாவில் நின்று பேசினேன். எனக்கு வயிற்றைப் பிசைந்ததோடு போயிற்று, அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வாந்தியும் பேதியுமாக ஆளே துவண்டுவிட்டாள். நன்றாகக் கொதிக்க வைத்தேனே என்று நர்ஸம்மாவிடம் வாதாடினேன். ஐயா, கிருமி செத்துடும், அது கக்கி வச்ச விஷம் எவ்வளவு கொதிச்சாலும் அங்கேயேதான் இருக்கும் என்றார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த நேரத்தில்தான் உன் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை வச்சுட்டா வியாழன் வரைக்கும் கவலையில்லப்பா, அடுப்புலயே வச்சு தினம் ஒரு கொதி விட்டா போதும், கொதிச்சா கிருமி சாகும்னு நீங்க சொல்லித்தந்ததுதானே என்று நீ பெருமையாகச் சொன்னாய். அம்மா தூங்குகிறாள் என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டு அந்தப் பானையைக் கொட்டு என்றேன், ஏன் என்று கேட்டாய், சும்மாதான் என்று மழுப்பினேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

அதனால் இனி இப்படிச் செய். குழம்பை இறக்கியதும் உயரம் குறைந்த சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்று, பெரிய பானையில் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும், லேசான சூடு இருந்தால் பெட்டி ஒன்றும் செத்துவிடாது. மூன்று நாளைக்குள் தீர்த்துவிடு, அதற்கு மேல் என்றால் முதல் நாளே உறைய வைத்துவிடு. சாப்பிடுகிற அளவு மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கு, மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதே. முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே, என் மூக்கை நம்பித்தான் நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம்.

அம்மா திங்கட்கிழமை வீடு திரும்பினாள். இரண்டு நாள் கஞ்சி குடித்துவிட்டு, கறிக்குழம்பு வைங்க என்று அவளே கேட்டாள். நேற்று வைத்தேன், அவள் பங்கை டப்பாவில் போட்டு நாள் எழுதி ஒட்டினேன். இன்று மதியம் அதைச் சூடாக்கித் தட்டில் ஊற்றிக் கொடுத்து, எப்போது வைத்தது, எத்தனை மணிக்கு உள்ளே வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

நோய்நொடி இல்லாமல் நீடூழி நல்லபடியாக இரு. உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். இதைப் படித்ததும் அவளிடம் பேசு, என்னைத் திட்டுவதாக இருந்தால் அதையும் தள்ளிப்போடாமல் திட்டிவிடு.

உன் அன்பு அப்பா