சுளகில் காய்ந்த பற்றறிகள்

சம்மாட்டியார்,

இன்றைக்குப் பக்கத்து வீட்டு மதிலில் நாலு ரோச் லைற் பற்றறிகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உங்கள் முகம் வந்தது, சிரிப்புப் போய்விட்டது. நாளைக்கு உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை. நானும் வருவேன். செத்தவரைப் பற்றிக் கோவிலில் நல்லதுதான் பேசவேண்டும். அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பஹ்ரைனிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய அந்த றேடியோ நினைவிருக்கிறதா? முள்ளைத் திருகி நிலையம் தேடும் வேலையே அதில் இல்லை. ஆறு பொத்தான்கள். ஒருமுறை பதிந்துவிட்டால், அழுத்தியதும் அந்த நிலையம் பேசும். முதலாவது பொத்தானில் காலநிலை அறிவிப்புச் சொல்லும் நிலையத்தைப் பதிந்திருந்தீர்கள். அதைக் கேட்டுத்தான் உங்கள் வள்ளங்கள் கடலுக்குப் போகும். ஒரு கிழமைக்குள் அது ஆறையும் மறந்துவிட்டது. தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தீர்கள்.

ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் ஒரு பொம்பிளை றேடியோ திருத்துவதை அதுவரை சகித்துக்கொண்டிருந்த சனம் அது. என் மனுசன் தபாலில் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனார். அந்தப் புத்தகங்களை வைத்து நான் படித்து முடித்தேன். அவர் போன கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அந்தக் கடைதான் எனக்கும் என் இரண்டு பெட்டைகளுக்கும் சோறு போட்டது.

உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாடுவதற்கு நாலு பெரிய பற்றறி. பதிந்ததை நினைவில் வைத்திருக்க மட்டும் இரண்டு சின்னப் பற்றறி. சின்னவை தொடும் தகடுகளில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஒரு கம்பிக்குப் புது ஈயம் வைத்து, ஆறு நிலையத்தையும் திரும்பப் பதிந்தேன். மூன்று நாள் என் மேசையில் இருந்தது, ஒன்றையும் மறக்கவில்லை. உங்கள் வீட்டுக்குப் போய் அடுத்த நாளே மறந்தது. இரண்டாம் தரமும் அப்படி. மூன்றாம் தரம் சைக்கிள் கூடையில் வைத்துச் சுருவில் கிராமம்வரை குலுக்கிக்கொண்டு போய்வந்தேன். ஆறு நிலையமும் அப்படியே இருந்தன. பெட்டியில் பிழை இல்லை என்று எனக்கு விளங்கியது. உங்களுக்கு என்ன விளங்கியது? ஜெட்டியில், அனலைதீவு லாஞ்சுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் சொன்னீர்கள்: “குசினிக்கை நிக்க வேண்டியவளிட்டைச் சாமானைக் குடுத்தது என்ரை பிழை. உள்ளுக்கை இருந்த நல்ல சாமானையும் கழட்டிப்போட்டாளோ தெரியாது.”

வேலை தெரியாதவள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். கள்ளி என்றீர்கள். சம்மாட்டியாரின் வாய்ச்சொல் கரையில் வேதவாக்கு. அந்தக் கிழமையே ஒவ்வொருவராக வந்து, என் முகத்தைப் பாராமல், தங்கள் றேடியோக்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மேசையில் தூசிதான் மிஞ்சியது.

அதன்பிறகு ஒரு மத்தியானம், பிழை எங்கே என்று பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். “மூண்டு மணிக்கு வாற பாதைப் படகிலை பட்டணத்துக்குக் கொண்டுபோறன். இனி உன்ரை கை வேண்டாம் பிள்ளை” என்றீர்கள். சொல்லிக்கொண்டே றேடியோவின் மூடியைக் கழற்றி, பெரியதும் சின்னதுமாக ஆறு பற்றறியையும் எடுத்து, கருவாடு காய்ந்த சுளகின் ஓரத்தில் அடுக்கினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஒவ்வொரு நாளும் உப்பிடியோ?” என்று கேட்டேன்.

“ஓம். வெயில் காட்டினால் பற்றறிக்கு உயிர் வரும். உதுகூடத் தெரியாமலோ நீ கடை வைச்சிருக்கிறாய்?”

அங்கேயே சொல்லியிருக்கலாம். உங்கள் மனுசி பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டு வாய் திறக்காமல் வெளிக்கிட்டேன். நீங்கள் என்னை அவமானப்படுத்தியது உங்கள் வீட்டு முற்றத்திலா? இல்லையே.

மூன்று மணிக்கு ஜெட்டியில் உங்களுக்கு முன்னமே நின்றேன். சனம் கூடியதும் நீங்கள் பழைய பாட்டைத் தொடங்கினீர்கள். நான் பெட்டியை வாங்கி மூடியைத் திறந்து, ஒரு சின்னப் பற்றறியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். அது இன்னும் சுட்டது. அதில் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது.

“இதைக் கழட்டினால் பெட்டி எல்லாத்தையும் மறந்திடும், சம்மாட்டியார். நாள்தோறும் கழட்டிக் கருவாட்டோடை காயப்போட்டது ஆர்?”

பின்னாலிருந்து ஒருவன், “கருவாட்டுப் பற்றறி!” என்று கத்தினான். ஜெட்டி முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தேனாக இனித்தது. பொய் சொல்லமாட்டேன், இன்றைக்கும் இனிக்கிறது.

றேடியோக்கள் என் மேசைக்குத் திரும்பி வந்தன. உங்களுக்கு அந்தப் பட்டப்பெயர் நிலைத்தது. பிறகு நீங்கள் ஜெட்டிப் பக்கம் நிற்பதையே விட்டுவிட்டீர்கள். “பிள்ளை, நான் சொன்னது பிழை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பட்டம் சொல்லிக் கத்திய பெடியளை நானே அதட்டியிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. நானும் அதட்டவில்லை. போன மாதம் சந்தியில் ஒட்டிய மரண அறிவித்தலிலும் உங்கள் பெயருக்குக் கீழே அந்தப் பட்டம் இருந்தது. போடாவிட்டால் செத்தது யாரென்று ஊருக்குத் தெரியாதாம். அதன் முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

நேற்று, செத்தவீட்டுக்கு வந்து நிற்கும் உங்கள் மகன் அந்த றேடியோவோடு கடைக்கு வந்தான். அம்மாவுக்குக் கேட்க வேணும், ஒருக்கால் பார்த்துத் தாங்கோ என்றான். ஆறு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஆறு நிலையமும் பேசின.

“அப்பு இந்தச் சின்னப் பற்றறியைத் தொட ஒருத்தரையும் விடேல்லையாம் அக்கா. தொட்டால் மறந்திடும் எண்டு சண்டை பிடிப்பாராம். கடைக்காரப் பிள்ளை சொன்னவள், அவளுக்குத் தெரியாததோ எண்டு கேப்பாராம்.”

ஆக, நம்பியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் என் சொல்லை வேதவாக்காக வைத்திருந்திருக்கிறீர்கள். என்னைக் கள்ளி என்றது ஜெட்டியில். “அவளுக்குத் தெரியாததோ” என்றது அறைக்குள். ஜெட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் நூறு மீற்றர் தூரம் இருக்குமா? அதை நடக்க உங்களுக்கு ஏலாமல் போய்விட்டது. அன்றைக்கு உங்கள் முற்றத்தில் வாய் திறக்க எனக்கும் ஏலவில்லைத்தான். ஆனால் தொடக்கியது நீங்கள்.

சின்னப் பற்றறிகள் இரண்டும் தீரும் நிலையில் இருந்தன. கழற்றி ஒரு நிமிடம்வரை பெட்டி மறக்காது; அதற்குள் கைச்சுறுக்காகப் புதியதைப் போட்டேன், ஒரு நிலையமும் அழியவில்லை. மகனிடம் காசு வாங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இனி ஒவ்வொரு வருசமும் உங்கள் வீட்டுக்கு வந்து நானே மாற்றிக் கொடுப்பேன். நீங்கள் பதிந்த ஆறும் அழியக்கூடாது. நான் சொன்னது சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு ஊரில் மிஞ்சியிருக்கிற சாட்சி அது ஒன்றுதான்.